வாய்தா கேட்காதவர்

முதல் நாள் அவர் போனில் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். மந்தைவெளி பஸ் ஸ்டாண்ட் பக்கம் என் ஆட்டோவில் ஏறினார். கறுப்புக் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பாரிஸ் கார்னர் கோர்ட் என்றார். லஸ் தாண்டுவதற்குள் பின்னால் பேச்சு ஆரம்பித்துவிட்டது. ஐயா, என் கட்சிக்காரர் இப்படி, எதிர்மனுதாரர் அப்படி என்று. கண்ணாடியில் பார்த்தேன். கையில் போன் இல்லை. காதிலும் ஒன்றும் இல்லை.

சாந்தோம் வந்ததும் பேச்சு நின்றது.

"அண்ணே, இப்ப நான் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"இல்ல மேடம்."

"எது புரியலை?"

"யாரு வூடுன்னே புரியல."

பிறகு பீச் ரோடு முழுக்க மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தார். பாரிஸ் வரும்போது யார் வீடு, யார் பூட்டினது, சாவி யாரிடம் இருக்கிறது எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. இறங்கும்போது, "நாளைக்கு ஒன்பதரைக்கு வர முடியுமா?" என்று கேட்டார்.

பதினோரு வருஷம் ஓட்டினேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். அதனால்தான் என்னை வைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். என் வண்டி ரிப்பேரான ஒரு நாள் வேறு ஆட்டோவில் போயிருக்கிறார். அந்த டிரைவர் எல்லாவற்றுக்கும் புரியுது புரியுது என்று தலையாட்டினானாம். "அவர் வேஸ்ட் அண்ணே" என்றார் மறுநாள். "உங்களுக்குப் புரிஞ்சாத்தான் ஜட்ஜுக்குப் புரியும். அவருக்கு அன்னைக்கு நாப்பது கேஸ். உங்களை விட அவருக்குக் கவனம் கம்மி."

மேடம் ஆள் குள்ளம். கோட் போட்டுக்கொண்டால் கோட்தான் நடந்து போகிற மாதிரி இருக்கும். குரல் பெரிசு. மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் எப்போதும் லூஸ். அதை மாற்ற நேரம் இல்லை என்பார். நேரம் இருந்தது. மனசு இல்லை.

கோர்ட்டில் ஒரு கேஸைக் கூப்பிட்டால் வக்கீல் எழுந்து நின்று இன்னொரு தேதி கேட்கலாம். அதற்கு வாய்தா என்று பேர். உடம்பு சரியில்லை, பேப்பர் வரவில்லை, சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார், ஏதாவது சொன்னால் போதும். மற்றவர்கள் டீ குடிக்கிற மாதிரி வாங்கிக்கொண்டு போவார்கள். இவர் கேட்கமாட்டார். எதிராளியின் வக்கீல் கேட்டாலும் எழுந்து நின்று கூடாது என்பார். வக்கீல்களுக்குள் ஒரு மரியாதை உண்டு, இன்றைக்கு நீ எனக்கு விட்டுக்கொடு, நாளைக்கு நான் உனக்கு. இவர் அந்தக் கணக்கில் சேரவே இல்லை. அதனால் கேன்டீனில் இவரோடு உட்கார ஆள் கிடையாது. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஆட்டோவுக்கு வந்துவிடுவார். பின் சீட்டில் அவர், முன் சீட்டில் நான். தயிர் சாதம் என்றால் எனக்கும் பாதி.

ஒருநாள் ஒரு வக்கீல் ஆட்டோ பக்கம் வந்து நின்றார். தொப்பை, சிரித்த முகம். காலையில் இவரிடம் வாய்தா கேட்டுக் கிடைக்காதவர்.

"மேடம், எங்களுக்கு ஒரு வாரம் குடுக்க மாட்டேன்றீங்க. உங்க கல்யாணத்துக்கு மட்டும் வாய்தா மேல வாய்தாவா வாங்கிக்கினு இருக்கீங்களே."

நான் இறங்கப் போனேன். இவர் ஸ்பூனைக் கீழே வைக்காமலே சொன்னார். "சார், அது என் சொந்தக் கேஸ். நான் மட்டும்தான் காத்துக்கிட்டு இருக்கேன். வேற யார் பொழைப்பும் கெடலை."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். இவர் சாப்பிட்டு முடித்தார்.

வாய்தா கேட்காததற்குக் காரணத்தை ஒரே ஒரு முறைதான் சொன்னார். நொச்சிக்குப்பத்துக்கு எதிரே மீன் வைத்து விற்பவர்கள் உட்கார்ந்திருக்கிற இடம். மெதுவாகப் போகச் சொன்னார்.

"நான் சீனியர்கிட்ட இருந்த ரெண்டு வருஷமும் எனக்கு ஒரே வேலைண்ணே. கேஸ் கூப்பிட்டா எழுந்து நிக்கணும். சீனியர் வேற கோர்ட்ல இருக்கார், தேதி வேணும்னு சொல்லணும். அவ்ளோதான். சில நாள் அவர் வீட்டுல தூங்கிட்டு இருப்பார்."

"உம்."

"இங்கேயிருந்து ஒரு அம்மா வருவாங்க. மீன் விக்கறவங்க. வீட்டு வழக்கு. தேதி வர அன்னைக்கெல்லாம் கூடையை யார்கிட்டயாவது விட்டுட்டு வந்து பின்னாடி உக்காந்திருப்பாங்க. ஒவ்வொரு தடவையும் என்கிட்ட கேப்பாங்க, இன்னா கண்ணு, இன்னிக்காவது பேசுவியான்னு. நான் எழுந்து தேதி வாங்கிடுவேன். பதினாலு தடவை வாங்கினேன்."

முன்னால் ஒரு மீன் வண்டி நின்றது. நானும் நின்றேன்.

"பதினஞ்சாவது தேதிக்குப் பிள்ளை வந்தான். அம்மா செத்துட்டாங்கன்னான். செத்தவங்க பேருக்குப் பதிலா அவன் பேரைச் சேர்க்கணும். அதுக்கு ஒரு வாய்தா வாங்குங்கன்னார் சீனியர்."

வாங்கினாராம். அன்று சாயங்காலமே ஆபீஸ் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டாராம்.

சொந்தத் தொழில் மந்தைவெளியில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே ஆரம்பித்தது. ஒரு ரூமில் பாதி. இன்னொரு பாதியில் டைப் அடிக்கிறவர் ஒருவர். நடுவில் பீரோ. நான் ஓட்ட ஆரம்பித்தபோது அவர் டைரியில் வாரத்துக்கு இரண்டு கேஸ் இருந்தால் அதிகம். ஆனால் தினமும் கோர்ட்டுக்குப் போவார்.

"இன்னிக்கு எந்தக் கோர்ட்டு மேடம்?"

"ஒண்ணும் இல்லைண்ணே. வேடிக்கை பாக்கப் போறேன்."

யாராவது நல்ல வக்கீல் சாட்சியைக் கேள்வி கேட்கிறார் என்றால் அந்தக் கோர்ட்டில் போய்ப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். திரும்பும்போது அவர்களை மாதிரியே செய்து காட்டுவார். ஒருவர் சாட்சி பொய் சொல்கிற நேரமாகப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாராம். எதுவும் கேட்கமாட்டாராம். சாட்சி தானாகவே உளறுவானாம். "பொய் சொல்றவனைத் திட்டக் கூடாதுண்ணே. இன்னும் கொஞ்சம் சொல்லுங்கன்னு கேட்டுக்கணும்."

தப்பும் செய்தார். மாம்பலத்தில் ஒரு கடை கேஸ். சாட்சி, சம்பவம் நடந்த அன்று தான் அந்தக் கடையில் இல்லை என்று ஒத்துக்கொண்டுவிட்டான். அதோடு உட்கார்ந்திருக்க வேண்டும். "அப்போ எப்படிப் பாத்தீங்க?" என்று கேட்டுவிட்டார். "எதிர்க் கடையில நின்னு பாத்தேன்" என்றான். கேஸ் போய்விட்டது.

அன்று வண்டியில் ஒரே பேச்சு. "ஒரு கேள்வி அண்ணே. ஒரே ஒரு கேள்வி அதிகம்." வீட்டு வாசலில் இறங்கியும் அதையே சொன்னார். மறுநாள் டைரியின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் 'உட்கார்' என்று எழுதியிருந்தது. எனக்குப் படித்துக் காட்டினார். நானே படித்துவிட்டேன் என்று சொல்லவில்லை.

கட்சிக்காரர்கள் வர ஆரம்பித்ததும் அந்த வாய்தா பிடிவாதத்தால்தான். அந்தம்மாவிடம் போனால் இழுக்காது என்று பேச்சு பரவியது. பூக்கடைக்காரர், ஆயா வேலை பார்க்கிறவர், பிளம்பர், ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகிறவர்கள். மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மருந்துக் கடைக்காரர் சத்தம் போடுவார். இவர் எல்லாரிடமும் முதலில் ஒன்றைத்தான் கேட்பார். "தேதி வாங்க மாட்டேன். கூப்பிட்ட அன்னைக்கு நீங்க வரணும். வருவீங்களா?"

பெரிய மழை பெய்த வருஷம் மந்தைவெளி பூராவும் முட்டித் தண்ணீர். வண்டி வராது என்று சொல்லப் போனேன். அவர் கேஸ் கட்டுகளை பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு தெருமுனையில் நிற்கிறார். மெயின் ரோடு வரை நடந்தோம். எப்படியோ போய்ச் சேர்ந்தால் ஜட்ஜ் வரவில்லை.

"இன்னா மேடம், இதுக்கா வந்தோம்."

"அவர் வரலைன்னா அது அவரோட வாய்தாண்ணே. என்னோடது இல்லை."

தனியாள் இல்லை. அம்மா இருந்தார். கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு பழைய பிளாட்டில் இரண்டு பேரும். அம்மா மெல்லிசு, வாய் மட்டும் கூர்மை. நான் மணி அடித்தால் கதவைத் திறந்ததும் உள்ளே பார்த்துச் சொல்வார். "உன் முதல் ஜட்ஜ் வந்துட்டார்டி." எனக்கு வெட்கமாக இருக்கும். எனக்கு மூட்டு வலி என்று தெரிந்ததிலிருந்து மாடி ஏற விடமாட்டார். ஜன்னலிலிருந்து பையைக் கயிற்றில் இறக்குவார். அதில் பிளாஸ்க் இருக்கும். "ஏம்பா, பாதி உனக்கு. அவ குடிக்காம கொண்டு வந்துட்டா என்கிட்ட சொல்லு."

அப்படிப்பட்ட அம்மா.

என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

மந்தைவெளியில் ஒரு சந்து. ஒரே முற்றத்தில் ஆறு குடித்தனம். என் அப்பா காலத்திலிருந்து வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரப் பெரியவர் இருந்த வரை ஒன்றும் இல்லை. அவர் போனதும் மகன் ஆறு பேர் மேலும் கேஸ் போட்டான். தன் பிள்ளைக்குக் கல்யாணம், குடிவைக்க வீடு வேண்டும் என்று. ஐந்து குடும்பம் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் பக்கம் போனவர்கள் பாதிப் பேர். நான் போகவில்லை. என் சம்சாரத்துக்கு நாலு வீட்டில் சமையல் வேலை. நாலும் நடந்து போகிற தூரம். பெண் பக்கத்து ஸ்கூலில் பத்தாவது. அங்கேயிருந்து பெயர்ந்தால் எல்லாமே போய்விடும்.

வக்கீலம்மாவிடம் சொன்னேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு எங்கள் முற்றத்தில் வந்து நின்றார். சுற்றிப் பார்த்தார். பொதுக் கக்கூஸைக் கதவைத் திறந்து பார்த்தார். முற்றத்து மூலையில் புதிதாக சிமென்ட் பூசியிருந்த ஒரு வட்டத்தைப் பார்த்து, "இது என்ன?" என்றார்.

"போன மாசம் மெஷின் வெச்சு ஓட்டை போட்டாங்க மேடம். மண்ணு டெஸ்டுன்னாங்க. மண்ணுல இன்னா டெஸ்டோ."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

பெரிய கட்டடம் கட்டுகிறவர்கள்தான் மண்ணை டெஸ்ட் செய்வார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அந்த டெஸ்ட் செய்த ஆட்களைத் தேடிப்பிடித்தார். வீட்டுக்காரன் மகன் கையெழுத்துப் போட்ட காகிதம் கிடைத்தது. பில்டரோடு ஏற்கெனவே பேசி முடித்துவிட்டான். பிள்ளைக்குக் குடிவைக்க என்பது பொய்.

"இந்தப் பேப்பரை இப்பவே காட்டினா வேற கதை சொல்லிடுவான்" என்றார். "முதல்ல அவன் வாயால இடிக்க மாட்டேன்னு சொல்லணும். சொன்ன அதே சூட்டுல காட்டணும். நடுவுல பாதியில விட்டா வீட்டுக்குப் போய், வக்கீலைக் கேட்டுப் பதிலைத் தச்சுப் போட்டுக்கிட்டு வந்துடுவான்."

அவனைக் கேள்வி கேட்கத் தேதி குறித்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் அம்மாவுக்கு மூச்சுத் திணறல். அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

கேள்வி கேட்கிற அன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்துதான் ஏற்றிக்கொண்டேன். நான் மேலே போய்ப் பார்த்தேன். அம்மா மூக்கில் டியூப். ஆனாலும் பேச்சு இருந்தது.

"நீ போடி. இங்க உக்காந்துண்டு நீ என்ன பண்ணப் போறே. டாக்டருக்குப் படிச்சிருக்கியா?"

"சாயங்காலம் வந்துடறேம்மா."

என்னைப் பார்த்தார். "ஏம்பா, சுத்திண்டு நிக்காம சீக்கிரம் கொண்டு வந்து விட்டுடு."

"சரிங்கம்மா" என்றேன்.

டாக்டர் இப்போதைக்கு பயம் இல்லை என்றார். கிளம்பினோம். அடையாறு பாலம் ஏறும்போது எனக்கு ஒரு வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. மேடம், இன்னிக்கு ஒருநாள் வாய்தா கேளுங்க. சொல்லவில்லை. அவர் கேட்கமாட்டார் என்பதால் இல்லை. கேட்டுவிட்டால் என்ன செய்வது என்பதால்.

வழக்கமாகப் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். ஒருமுறை உள்ளே மணி அடித்து ஜட்ஜ் முறைத்தாராம். அன்று நானே கட்சிக்காரன். உள்ளே பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். போன் என் சட்டைப் பையில், சத்தமில்லாமல்.

பதினொன்றேகாலுக்குக் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரன் மகன் கூண்டில் ஏறினான். வெள்ளைச் சட்டை.

"இப்ப எங்க குடியிருக்கீங்க?"

"சொந்த பிளாட். மூணு பெட்ரூம்."

"இந்த வழக்கு வீட்டுல எத்தனை ரூம்?"

"ஒரு ரூம். ஒரு சமையல் ரூம்."

"கழிப்பறை?"

"வெளிய இருக்கு."

"உங்களுக்கு மட்டுமா?"

"இல்ல. பொது."

"கல்யாணம் ஆகி வர மருமகளை அங்கதான் குடிவைக்கப் போறீங்க?"

யாரோ சிரித்தார்கள். அவன் கைக்குட்டையை எடுத்தான். "ஆமா. சின்னதா ஆரம்பிக்கட்டும்னு."

"வீடு இப்ப இருக்கிற மாதிரியே இருக்குமா? இடிக்கிற எண்ணம்?"

"அதெல்லாம் இல்லை. அப்படியேதான்."

அப்போது போன் அதிர்ந்தது.

வெளியே வராந்தாவுக்குப் போய் எடுத்தேன். நர்ஸ். "பேஷன்டோட பொண்ணு எங்க? அம்மாவுக்கு ரொம்ப மோசமா இருக்கு. உடனே வரச் சொல்லுங்க. உடனே." சரி என்றேன். போனில் மணி பார்த்தேன். பதினொன்று முப்பத்தைந்து.

கதவுக்குத் திரும்பி வந்தேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். கையில் அந்த மண் டெஸ்ட் காகிதம். இன்னும் காட்டவில்லை. நாலு எட்டு வைத்தால் தொட்டுவிடலாம். ஒரு வார்த்தை போதும். சொன்னால் கட்டை மூடிவிட்டு இறங்கிவிடுவார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மா என்றால் போய்விடுவார். அவன் வீட்டுக்குப் போய்ப் பதிலைத் தைத்துக்கொண்டு வருவான்.

பின் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

முடிய பன்னிரண்டேகால் ஆனது. காகிதத்தைக் காட்டியதும், கையெழுத்து தன்னுடையதுதான் என்றான். பிறகு இல்லை என்றான். பிறகு தண்ணீர் கேட்டான். அவன் வக்கீல் எழுந்து வாய்தா கேட்டார். இவர் கூடாது என்றார். அவன் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டான். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்காமல் இவர் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது. "அண்ணே, உங்க வீடு எங்கயும் போகாது" என்றார்.

"மேடம், ஆஸ்பத்திரியிலேர்ந்து போன். உடனே வரச் சொல்றாங்க."

"எப்போ?"

"இப்பத்தான்."

ஓட்டினேன். அப்படி நான் என்றைக்கும் ஓட்டினதில்லை. பின்னால் அவர், நான் திருப்பிக் கொடுத்திருந்த போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார். யாரும் எடுக்கவில்லை. பிறகு போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது அழைப்பு வந்தது, எத்தனை நிமிஷம் பேசினேன் எல்லாம் அதில் இருக்கும். கண்ணாடியில் பார்த்தேன். போனை மடியில் கவிழ்த்து வைத்தார். ரோட்டைப் பார்த்தார்.

ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அம்மா பன்னிரண்டு நாற்பதுக்குப் போய்விட்டார். பொண்ணு வந்துட்டாளா என்று இரண்டு முறை கேட்டாராம். நர்ஸ் சொன்னார்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். உடனே சொல்லியிருந்தால் பன்னிரண்டு இருபதுக்கு வந்திருப்போம்.

வீட்டில் சம்சாரத்திடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்னு நெனைக்கிறேன்."

"கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப நீயா போய் சொல்லிக்கினு நிக்காதே. செத்தவங்க எழுந்து வரப்போறாங்களா? புள்ளைக்குப் பரிட்சை கீது."

அன்று இரவு அவளும் சாப்பிடவில்லை.

பதின்மூன்றாம் நாள் வாழையிலைக் கட்டு கொண்டுபோய்ப் போட்டேன். ஹாலில் சொந்தக்காரர்கள். அம்மாவின் தங்கை, இவருக்குச் சித்தி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். "பெத்தவ மூச்சு இழுத்துண்டு கிடக்கா, ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்றா. இவ கோர்ட்டுல எவனையோ நிக்கவெச்சுக் கேள்வி கேட்டுண்டிருக்கா. இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்?"

இவர் சமையல் ரூம் வாசலில் நின்றார். கேட்டது. எனக்கும் கேட்டது. நான் இலைக்கட்டைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

"அண்ணே, அதை உள்ள ஓரமா வெச்சிடுங்க" என்றார். "சாப்பிட்டுட்டுப் போங்க."

வைத்தேன். சாப்பிடவில்லை.

மறுநாள் கோர்ட்டுக்கு ஏறினார். லஸ் தாண்டியது. சாந்தோம் தாண்டியது. பின்னால் பேச்சு இல்லை. பீச் ரோட்டில் நானே கேட்டேன். "இன்னிக்கு இன்னா கேஸ் மேடம்?"

"ஒரு பாகப்பிரிவினை. மனசுக்குள்ளயே சொல்லிப் பாத்துக்கறேண்ணே."

இரண்டு மாதத்தில் தீர்ப்பு வந்தது. வீட்டுக்காரன் மனு தள்ளுபடி. காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு தண்ணி படாம வெச்சுக்குங்க என்றார். அதற்கப்புறமும் மூன்று வருஷம் ஓட்டினேன். அவர் எனக்குப் புரிகிறதா என்று கேட்கவில்லை. மரியாதையில் குறைவில்லை. என் பெண் பன்னிரண்டாவது முடித்தபோது காலேஜுக்கு விண்ணப்பம் அவர்தான் எழுதிக் கொடுத்தார்.

தொழில் பெரிசானது. தி.நகரில் ஆபீஸ், ஜூனியர்கள் மூன்று பேர், கார். காருக்கு என்னை வரச் சொன்னார். எனக்குக் கார் ஓட்ட வராது என்றேன். வரும். அவருக்கும் தெரியும். சரி என்றார்.

கோர்ட் பக்கம் சவாரி போகும்போது காதில் விழும். அம்மா செத்த அன்றும் வாய்தா கேட்காத வக்கீல். புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லுவார்கள். சிலர் கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி சொல்லுவார்கள். சிலர் கல்நெஞ்சு என்பார்கள். சித்தி வீட்டோடு போக்குவரத்தே நின்றுபோனதாகக் கேள்வி. அவர் யாரிடமும் மறுத்ததில்லை.

போன வருஷம் அவருக்கு உடம்புக்கு வந்தது. கேஸ் கட்டையெல்லாம் ஜூனியர்களிடம் பிரித்துக் கொடுத்துவிட்டாராம், ஒரு தேதி கூடத் தள்ளிப் போகக் கூடாது என்று. நான் பார்க்கப் போகவில்லை. இரண்டு முறை அந்தத் தெரு வரை போய்த் திரும்பினேன்.

அவர் போன பிறகு படத்திறப்பு தி.நகரில் ஒரு சின்ன ஹாலில். நான் கடைசி வரிசை. பேசினவர்களில் மூன்று பேர் அந்த நாளைத்தான் சொன்னார்கள். அதில் ஒருவர் அந்தத் தொப்பை வக்கீல். பேச முடியாமல் பாதியில் இறங்கினார்.

முடிந்ததும் அவருடைய ஜூனியர் பெண்ணிடம் போனேன். இப்போது ஆபீஸைப் பார்த்துக்கொள்கிறவர். யார் என்று சொன்னேன்.

"தெரியும் அண்ணே. மேடம் நிறைய சொல்லியிருக்காங்க."

"ஒரு விஷயம் சொல்லணும்மா. அன்னிக்கு அவங்களுக்குத் தெரியாது. போன் என்கிட்டதான் வந்துச்சு. நான் சொல்லல. கேஸ் முடியிற வரைக்கும் சொல்லல. அவங்க மேல தப்பு இல்ல."

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"நீங்க ஒருநாள் வந்து இப்படிச் சொல்வீங்கன்னு மேடம் சொன்னாங்க. நீங்க உடனே வந்து சொன்னீங்களாம். அவங்கதான் கையைக் காட்டி, இருங்க, முடிச்சிட்டு வரேன்னு உக்கார வெச்சாங்களாம். அதை நெனச்சு நெனச்சு அவர் பழியைத் தன் மேல போட்டுக்குவார், அவரை விட்டுடாதேன்னாங்க."

"இல்லம்மா. அப்படி இல்ல."

"பரவாயில்லைண்ணே. டீ சாப்பிடுங்க."

டீ கொடுத்தார்கள். குடித்தேன். இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் என் தோளைத் தட்டினார்கள்.

அவர் கையைக் காட்டவில்லை. என் பக்கம் திரும்பவே இல்லை. நான் எழுந்து போய் போனை எடுத்தேன். கேட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன்.